பிஷப்பும் சிப்பாயும் மட்டும் மிஞ்சிய புதிர்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

பிஷப்பும் சிப்பாயும் மட்டும் இருக்கிற சதுரங்க எண்ட்கேம் (முடிவாட்ட) புதிர் பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கும். ராணி கிடையாது, குதிரை குறுக்கே பாயாது, பலகையில் பாதிக்கு மேல் காலி. நம்பிக்கையோடு ஒரு மூவ் போடுவீர்கள், சிவப்புக் குறி வந்து நிற்கும், ஏன் என்றே புரியாது. நான் மேட் புதிர்களை மளமளவென்று போட்டுக்கொண்டிருந்த நாட்களில்கூட இந்த வகையில் மட்டும் பாதிக்குப் பாதி தப்பாக்கிக்கொண்டிருந்தேன். கணக்கு போதவில்லை என்று நினைத்து இன்னும் ஆழமாகக் கணக்குப் போட்டேன், அதிலும் தப்பினேன். கடைசியில் தப்பானவற்றையெல்லாம் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: பெரும்பாலானவற்றில் கணக்கு சரிதான், கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்கவில்லை. இந்த பிஷப் எந்த நிறக் கட்டத்தில் ஓடுகிறது? சிப்பாய் ராணியாகப்போகிற கட்டம் என்ன நிறம்?

பிஷப் குறுக்காக மட்டும் ஓடுவதால் 64 கட்டத்தில் அதற்குச் சொந்தம் 32தான். மீதி 32 கட்டத்தில் என்ன நடந்தாலும் அது வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். கீழே வருகிற அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே நேராகப் போய்விடலாம், வரிசையாகப் படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

கட்டங்களுக்கு வழக்கமான பெயர்தான்: வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தால் இடது கை மூலை ஏ1, வலது கை மூலை ஹெச்1, எதிர்ப்பக்க மூலைகள் ஏ8, ஹெச்8.

"சிப்பாய் எந்தப் பக்கம் போகிறது என்பதே குழம்புகிறது"

சிரிக்காதீர்கள், இது எல்லோருக்கும் நடக்கிறது. கறுப்பு ஆட வேண்டிய புதிரில் பலகை திருப்பிக் காட்டப்படும், ஏ1 வலது மேல் மூலைக்குப் போய்விடும். காய்கள் நிறைய இருக்கும் ஆட்டத்தில் திசை தானாகத் தெரியும். நாலு சிப்பாய் மட்டும் நடுவில் நிற்கும்போது தெரியாது. ஓரத்தில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்கு மனக்கணக்கில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. ஏ என்றால் 1, பி என்றால் 2, அப்படியே ஹெச் என்றால் 8. எழுத்தின் எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டுங்கள். இரட்டைப்படை வந்தால் கறுப்புக் கட்டம், ஒற்றைப்படை வந்தால் வெள்ளைக் கட்டம். ஹெச்8 என்றால் 16, கறுப்பு. ஏ8 என்றால் 9, வெள்ளை. பழகிவிட்டால் ஒரு நொடிகூட ஆகாது.

"பிஷப் கூடுதல், சிப்பாயும் கூடுதல், ஆனால் விடை டிரா என்கிறது"

சிப்பாய் ஏ ஃபைலிலோ ஹெச் ஃபைலிலோ (ஃபைல் என்றால் நெடுக்கு வரிசை) நிற்கிறதா? அப்படியானால் மூலைக் கட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையின் ஹெச் சிப்பாய் ஹெச்8-ல் ராணியாக வேண்டும், அது கறுப்புக் கட்டம், ஆகவே கறுப்புக் கட்ட பிஷப் வேண்டும். ஏ சிப்பாய்க்கு வெள்ளைக் கட்ட பிஷப். (கறுப்பு ஆடுகிறதென்றால் தலைகீழ்: ஏ1 கறுப்பு, ஹெச்1 வெள்ளை.) பிஷப் மூலையின் நிறத்தில் ஓடாமல், எதிராளியின் ராஜாவும் அந்த மூலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, டிராதான்.

ஏன் என்று ஒரு தடவை பலகையில் வைத்துப் பார்த்துவிட்டால் மறக்காது. வெள்ளை ராஜா ஜி6, சிப்பாய் ஹெச்6, பிஷப் டி5. கறுப்பு ராஜா ஹெச்8-ல், அவர் ஆட வேண்டும். ஜி7-ஐயும் ஹெச்7-ஐயும் வெள்ளை ராஜா பார்த்துக்கொள்கிறது, ஜி8-ஐ பிஷப் அடைக்கிறது, மூலையில் நிற்கிற ராஜாவுக்குச் செக் கொடுக்க மட்டும் யாரும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லை, ஆட மூவும் இல்லை, டிரா. இப்போது டி5 பிஷப்பை எடுத்துவிட்டு சி7-ல் கறுப்புக் கட்ட பிஷப்பை வையுங்கள், கறுப்பு ராஜாவை ஜி8-ல் வையுங்கள், வெள்ளை ஆடட்டும். சிப்பாய் ஹெச்7 செக், ராஜா ஹெச்8 போனால் பிஷப் இ5, மேட்; எஃப்8 போனால் சிப்பாய் ராணி. காய் அதே, எண்ணிக்கை அதே, நிறம் மட்டும் மாறியது.

தற்காக்கிற பக்கம் நீங்கள் என்றால் இதுதான் உங்களுக்குப் புதையல். காயைக் கொடுத்தாவது மற்ற சிப்பாய்களை ஒழித்துவிட்டு ஓரச் சிப்பாயை மட்டும் மிச்சம் வைக்க முடியுமா என்று முதலிலேயே தேடுங்கள், விடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தாக்குகிற பக்கம் என்றால் உங்கள் ஜி சிப்பாயோ பி சிப்பாயோ காணாமல் போகிற எந்தப் பரிமாற்றத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

"அந்த விதி தெரியும், டிரா என்று முடிவுகட்டினேன், ஆனால் ஜெயிக்க வழி இருக்கிறதாம்"

இது முந்தைய அறிகுறியைக் கற்றுக்கொண்டவர்களுக்கு மட்டும் வருகிற வியாதி. விதியில் இரண்டு பாதி உண்டு, இரண்டாவது பாதியை மறந்துவிடுகிறோம்: எதிராளி ராஜா மூலைக்குள் *போய்ச்சேர* வேண்டும். போகவிடாமல் வழிமறிக்க முடிந்தால் தப்பான நிற பிஷப்பாலும் ஜெயிக்கலாம்.

வெள்ளை ராஜா ஜி3, பிஷப் சி8, சிப்பாய் ஹெச்6. கறுப்பு ராஜா எஃப்6. வெள்ளை ஆட வேண்டும். பிஷப் வெள்ளைக் கட்டத்தில் ஓடுகிறது, மூலையோ கறுப்பு. முதலில் கைக்கு வருவது சிப்பாய் ஹெச்7. அதற்கு ராஜா ஜி7 போதும், அடுத்து சிப்பாய் போய்விடும். சரி, பிஷப் இ6 வைத்து எஃப்7, ஜி8 இரண்டையும் அடைக்கலாமா? அது பாதிக் கண்டுபிடிப்பு. கறுப்பு ராஜா பிஷப்பை வெட்டினால் சிப்பாய் ஓடிவிடும், உண்மைதான், ஆனால் அவர் வெட்டமாட்டார், ஜி6-க்கு வந்து சிப்பாயைத் தின்றுவிடுவார்.

விடை பிஷப் எஃப்5! ராஜாவின் மூக்குக்கு முன்னாலேயே வைக்கிறோம். வெட்டினால் ஹெச்7, அதற்கடுத்து ராணி, பிடிக்க முடியாது. பிஷப் ஜி6-ஐ அடைப்பதால் அந்தப் பக்கம் போகவும் முடியாது. ஆகவே ராஜா எஃப்7. இப்போதும் ஹெச்7 என்று தள்ளத்தான் கை பரபரக்கும், தள்ளினால் ராஜா ஜி7, டிரா. அதற்குப் பதில் பிஷப் ஹெச்7! தன் சிப்பாயின் வழியில் தானே போய் நிற்பது அபத்தமாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து பிஷப் ஜி8-ஐயும் ஜி6-ஐயும் பார்க்கிறது, சிப்பாய் ஜி7-ஐப் பார்க்கிறது, கறுப்பு ராஜாவுக்கு மூலைக்குப் போகிற கதவு மொத்தமாகச் சாத்தியாகிவிட்டது. அப்புறம் அவசரமே இல்லை. கறுப்பு ராஜா எஃப்6, வெள்ளை ராஜா ஜி4, கறுப்பு எஃப்7, வெள்ளை ஜி5, கறுப்பு எஃப்8, வெள்ளை எஃப்6, கறுப்புக்கு மிச்சம் இ8 மட்டும்தான், வெள்ளை ராஜா ஜி7. பிஷப்பை நகர்த்தி சிப்பாயை விட்டால் வேலை முடிந்தது.

இந்த மாதிரிப் புதிரில் தப்பினீர்கள் என்றால் சிப்பாயைத் தள்ளுகிற ஆசையைத்தான் கவனிக்க வேண்டும். ஓடுகிற சிப்பாயை விட, எதிராளி ராஜாவின் நடைபாதையைப் பாருங்கள்.

"சிப்பாய் 7ஆம் வரிசைக்கு வந்துவிட்டது, எதிராளியின் பிஷப் ராணியாகவிடமாட்டேன் என்கிறது"

இருவருக்கும் ஒரே நிற பிஷப், உங்களுக்கு ஒரு சிப்பாய் அதிகம். எனக்கு இந்த வகைதான் மிகவும் பிடித்தது, மிகவும் படுத்தியதும் இதுதான்.

முதலில் ஒரு வடிகட்டல். எதிராளி ராஜா உங்கள் சிப்பாய்க்கு முன்னால், பிஷப்பால் தொட முடியாத நிறக் கட்டத்தில் நிற்கிறதா? நிற்கிறது என்றால் டிரா, ராஜாவை அங்கிருந்து கிளப்ப வழியில்லை. நிற்கவில்லை என்றால்தான் மேலே யோசிக்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான லூயிஜி செந்தூரினி இந்த முடிவாட்டத்தை ஆராய்ந்து வைத்திருக்கிறார். அவர் பெயரில் வழங்கும் நிலை இது: வெள்ளை ராஜா சி8, பிஷப் டி8, சிப்பாய் பி7. கறுப்பு ராஜா சி6, பிஷப் ஹெச்2. வெள்ளை ஆட வேண்டும். பலகை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திரையில் பார்த்தால் மனதில் ஒட்டாது.

பி8 கறுப்புக் கட்டம். ஹெச்2-ல் இருந்து பி8 வரைக்கும் போகிற நீண்ட மூலைவிட்டத்தில் கறுப்பு பிஷப் காவல் நிற்கிறது. அதை அந்தக் கோட்டிலிருந்து கிளப்ப இரண்டே வழி. ஒன்று, நம் பிஷப்பை சி7-ல் வைத்துக் கோட்டை வெட்டுவது. அது இப்போது நடக்காது, சி6-ல் இருக்கிற ராஜா சி7-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது: கறுப்பு பிஷப் நம் பிஷப்பை வெட்டும், நம் ராஜாவால் திருப்பி வெட்ட முடியாது. இரண்டு, பிஷப்பை ஏ7 வழியாக பி8-க்குக் கொண்டுபோவது. இதற்கு ஏ7 காலியாக இருக்க வேண்டும்.

ஆகவே பிஷப் ஹெச்4. அடுத்து எஃப்2, அப்புறம் ஏ7. கறுப்பு ராஜா ஓடுகிறது: பி5. பிஷப் எஃப்2, ராஜா ஏ6. சரியான நேரத்துக்கு வந்து ஏ7-ஐ அடைத்துவிட்டது. இங்கேதான் எல்லோரும் மாட்டுவது. ராஜா சி6-ஐ விட்டுப் போய்விட்டதே, திரும்பி ஹெச்4, டி8, சி7 என்று போவோம் என்று தோன்றும். பிஷப் ஹெச்4, ராஜா பி6, பிஷப் டி8 செக், ராஜா சி6. ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கிறோம். நான் இந்தச் சுற்றை நாலு தடவை சுற்றிவிட்டு இது டிராதான் என்று எழுந்துபோயிருக்கிறேன்.

மூன்றாவது மூவ் பிஷப் சி5! எதையும் தாக்கவில்லை, எதையும் மிரட்டவில்லை. "நீ ஆடு" என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் கறுப்பின் நிலையைப் பாருங்கள். ராஜா ஏ6-ஐ விட்டால் பிஷப் ஏ7 போய்விடும். ஆகவே பிஷப்தான் நகர வேண்டும், அதுவும் அந்த ஒரே கோட்டில். டி6-ல் வைத்தால் வெட்டுவோம். மிச்சம் ஜி3, எஃப்4, இ5. ஜி3 என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிஷப் இ7, ராஜா பி6, பிஷப் டி8 செக், ராஜா சி6. பார்க்க அதே பழைய நிலைதான், ஒரே ஒரு வித்தியாசம்: கறுப்பு பிஷப் ஹெச்2-ல் இல்லை, ஜி3-ல் இருக்கிறது. இப்போது பிஷப் ஹெச்4! போகிற போக்கில் ஜி3-ஐத் தாக்குகிறது. வெட்டினால் சிப்பாய் ராணி. ஓடினால் அந்த ஒரு மூவ் போயிற்று, பிஷப் எஃப்2, ராஜா பி5, பிஷப் ஏ7, ராஜா ஏ6, பிஷப் பி8. ராஜா ஒரே ஒரு அடி தாமதம். கறுப்பு பிஷப் ஹெச்2-க்கு ஓடியிருந்தால் கடைசி முயற்சியாக ஜி1 போய் ஏ7 வழியாகத் திரும்பிப் பார்க்கும்: கறுப்பு பிஷப் ஜி1, நம் பிஷப் எஃப்4, கறுப்பு பிஷப் ஏ7, நம் பிஷப் இ3! வெட்டினால் ராணி, வெட்டாவிட்டால் ஏ7 பிஷப்பே போகும்.

மூன்றாவது மூவில் கறுப்பு எஃப்4 போயிருந்தால் நாம் டி8-ல் இருந்து ஜி5-க்கு வந்து தாக்கி, இ3 வழியாக ஏ7 போவோம். இ5 போயிருந்தால் எஃப்6, அப்புறம் டி4. ஆக ஹெச்2 ஒன்றுதான் நாம் ஏ7-க்குப் போகிற வழியில் இடிபடாத இடம். பிஷப் சி5 செய்தது அதை அந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டதுதான். குதிரையால் இப்படி ஒரு மூவை வெறுமனே கழிக்க முடியாது, பிஷப்பால் முடியும். பிஷப் புதிரில் சும்மா இருக்கிற மூவைத் தேடவே இல்லை என்றால் பாதிப் புதிரை நீங்கள் பார்க்கவே இல்லை.

"ரெண்டு சிப்பாய் அதிகம், ஆனாலும் முன்னேற முடியவில்லை"

பிஷப்கள் எதிரெதிர் நிறமா பாருங்கள். அப்படியானால் சிப்பாய் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். உங்கள் சிப்பாய்கள் உங்கள் பிஷப்பின் நிறக் கட்டத்திலேயே போய் நின்றுவிட்டால் அவற்றுக்கு முன்னாலிருக்கிற கட்டமெல்லாம் எதிராளியின் பிஷப் ஆளுகிற நிறம். ராஜாவும் பிஷப்புமாக அங்கே கூடாரம் போட்டுவிடுவார்கள், உங்கள் பிஷப்பால் ஒன்றும் செய்ய முடியாது. தற்காக்கும் போது இதை வேண்டுமென்றே வரவழைக்க வேண்டும்.

தனித்தனியாக நிற்கிற இரண்டு சிப்பாய் என்றால் நடுவில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் பெரும்பாலும் டிரா. இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் ஜெயம், ஏனென்றால் எதிராளி ராஜாவால் ஒரு சிப்பாயைத்தான் பிடிக்க முடியும், மற்றதை பிஷப் தனியாகத் தாங்க வேண்டும், உங்கள் ராஜா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் அது தாங்காது. விதிவிலக்கு உண்டு, ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

இந்த எண்ணிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1998 லினாரெஸ் போட்டியில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய மூவைப் பாருங்கள். கறுப்பு ஷிரோவ்: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, ஹெச்4. எதிர்நிற பிஷப், கறுப்பு இரண்டு சிப்பாய் அதிகம். கறுப்பு ராஜா இ4-க்குப் போனால் ஜெயம், ஆனால் இ5-ஐ சி3 பிஷப் பார்க்கிறது, எஃப்5-ல் தன் பிஷப்பே நந்தி மாதிரி நிற்கிறது. பிஷப்பை எங்காவது சாதாரணமாக நகர்த்தினால் வெள்ளை ராஜா எஃப்2, இ3 என்று வந்து அடைத்துவிடும். ஷிரோவ் 47ஆவது மூவில் பிஷப்பை ஹெச்3-ல் வைத்தார், சும்மா வெட்டிக்கொள் என்று. சிப்பாய் வெட்டியது. கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்2, கறுப்பு ராஜா இ4. அந்த ஒரு மூவ்தான் அவருக்கு வேண்டியிருந்தது. வெட்டாமல் வெள்ளை ராஜா எஃப்2 ஆடினாலும் கறுப்பு ராஜா எஃப்5, வெள்ளை ராஜா எஃப்3, கறுப்பு பிஷப் ஜி2-ஐ வெட்டி செக், வெள்ளை ராஜா வெட்டும், கறுப்பு ராஜா இ4, அதே கதைதான். 53ஆவது மூவில் வெள்ளை கைவிட்டது. ஏ சிப்பாய், டி சிப்பாய், நடுவில் இரண்டு ஃபைல்.

ஆகவே எதிர்நிறப் புதிரில் வழி தெரியவில்லை என்றால், "என் பிஷப் இல்லாவிட்டால் இந்த நிலை எப்படி இருக்கும்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பல சமயம் பிஷப்தான் வழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

"ஓசியில் ஒரு சிப்பாய் கிடைத்தது, எடுத்தேன், அதற்கப்புறம் எல்லாம் போயிற்று"

ஓரச் சிப்பாயை பிஷப்பால் தின்னும் முன் திரும்பி வர வழி இருக்கிறதா பாருங்கள். பக்கத்துச் சிப்பாய் ஓர் அடி நகர்ந்தால் பிஷப் உள்ளே மாட்டிக்கொள்ளும். இந்தத் தப்பைச் செய்ததற்காக வெட்கப்பட வேண்டாம், 1972 உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் ஸ்பாஸ்கிக்கு எதிராக ஃபிஷர் 29ஆவது மூவில் ஹெச்2 சிப்பாயை பிஷப்பால் எடுத்தார், ஜி3 வந்தது, கதவு மூடியது. பிஷப்புக்கு இரண்டு சிப்பாய் கிடைத்தது, ஆட்டம் 56 மூவில் போயிற்று. டிரா என்று எல்லோரும் நினைத்த நிலை அது.

"எதை ஆடினாலும் ஒன்றும் நடக்கவில்லை, நிலை அப்படியே இருக்கிறது"

சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஒரே நிற பிஷப்கள். எதிராளியின் சிப்பாய்கள் அவருடைய பிஷப்பின் நிறத்திலேயே இருந்தால் அந்த பிஷப் காவல்காரன்தான், வேறு வேலை செய்ய முடியாது. அதற்கு எத்தனை பாதுகாப்பான கட்டம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஒன்று அல்லது இரண்டு என்றால் அவரை ஆடவைத்தே கொல்லலாம். நீங்கள் செய்ய வேண்டியது செந்தூரினி நிலையின் பிஷப் சி5 மாதிரி ஒரு சும்மா மூவ். நாலைந்து கட்டம் இருந்தால் ராஜாவை வேறு பக்கம் கொண்டுபோய் இரண்டாவது முனையைத் திறப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

"ஜெயித்துக்கொண்டிருந்தேன், ஸ்டேல்மேட் ஆகிவிட்டது"

வெள்ளை ராஜா எஃப்6, சிப்பாய் ஜி7, பிஷப் டி1. கறுப்பு ராஜா ஹெச்6. சிப்பாயை ஜி8-ல் வைத்து ராணி என்று பழக்கதோஷத்தில் அழுத்தினால் ஸ்டேல்மேட்: ஹெச்5-ஐ பிஷப், ஹெச்7-ஐ ராணி, மற்றதை ராஜா அடைத்துவிடுகிறது, செக் மட்டும் இல்லை. ராணிக்குப் பதில் யானை எடுத்தால் ஹெச்7 திறந்திருக்கும், ராஜா அங்கே போகும், யானை ஜி1, அதற்கப்புறம் ஒன்றிரண்டு மூவில் ஹெச்1-ல் மேட். இதே நிலையில் ராஜா எஃப்7 ஆடினாலும் ஜெயம்தான், ஆகவே இது புதிராகத் தேறாது, பொறியாக நன்றாகத் தேறும். சிப்பாயை ராணியாக்கும்போது தளம் தானாக ராணி எடுத்துக்கொள்ளும்படி அமைப்பில் வைத்திருக்கிறீர்கள் என்றால் புதிர் போடும்போதாவது அதை அணைத்துவையுங்கள்.

"பிஷப்பை மாற்றிக்கொண்டேன், சிப்பாய் ஆட்டத்தில் தோற்றேன்"

பிஷப்களை மாற்றிக்கொள்வது திரும்பி வர முடியாத முடிவு, மாற்றும் முன்னாலேயே சிப்பாய் ஆட்டத்தைக் கடைசி வரை எண்ணிவிட வேண்டும். உங்கள் ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் 6ஆம் வரிசையில் நின்றால், யார் ஆடினாலும் ஜெயம், ஓரச் சிப்பாய் மட்டும் விலக்கு. தனியாக ஓடுகிற சிப்பாய்க்கு சதுரம் போட்டுப் பாருங்கள்: ஹெச்4-ல் இருக்கிற வெள்ளைச் சிப்பாய்க்கு டி4, டி8, ஹெச்8 வரை சதுரம், கறுப்பு தன் முறையில் ராஜாவை அதற்குள் வைத்துவிட்டால் பிடித்துவிடும்.

"என் மூவும் ஜெயிக்கிறதே, ஏன் தப்பு என்கிறது?"

கோபம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் நம் மூவ் ஜெயிக்காது. சண்டை போடுவதற்கு முன்னால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ராஜாக்களையும் சேர்த்து மொத்தம் 7 காய்க்குள் இருந்தால் எஞ்சினே (சதுரங்கம் கணக்குப் போடும் மென்பொருள்) வேண்டாம், லிச்செஸ் இணையதளத்தின் பகுப்பாய்வுப் பலகையில் டேபிள்பேஸ் (முழுதாகக் கணக்கிட்டு வைத்த விடைத் தொகுப்பு) இலவசமாக இருக்கிறது, ஒவ்வொரு மூவுக்கும் ஜெயம், டிரா, தோல்வி என்று தீர்ப்பே சொல்லிவிடும். அதில் ஊகம் கிடையாது. 7-க்கு மேல் போனால் எஞ்சின்தான், அங்கே கொஞ்சம் ஜாக்கிரதை: எதிர்நிற பிஷப் நிலையில் ஒரு பக்கத்துக்குப் பெரிய எண் காட்டிக்கொண்டே இருக்கும், இருபது மூவ் ஆடவிட்டாலும் அந்த எண் ஏறாமல் அப்படியே நிற்கும், அது டிரா என்பதற்கான அடையாளம்.

இப்படிப் பார்க்கும்போது விடை மூவைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உங்கள் தப்பு மூவைப் பலகையில் போட்டு, எதிராளியின் பக்கம் எது ஒரே ஒரு சரியான பதில் என்று பாருங்கள். செந்தூரினி நிலையில் மூன்றாவது மூவாக ஹெச்4 போட்டுப் பார்த்தால், கறுப்பு ராஜா பி6 வழியாக சி6-க்குத் திரும்பி ஆரம்ப நிலையையே வரவழைத்துவிடும். அந்த பி6-ஐத் தடுப்பது எப்படி என்று கேட்ட அன்றைக்குத்தான் சி5 எனக்குப் புரிந்தது.